ஓசூருக்குத் தனியாகப் பயணமா? ‘இது எங்க லிமிட் இல்லம்மா’ என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

அதிகாலை நாலரை மணி. ஓசூர் பேருந்து நிலையத்தில் சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்களில் இருபது வயதைத் தாண்டாத பெண்களும் இருக்கிறார்கள். தோளில் ஒரு பை, கையில் போன், போனில் ஒரு ஹாஸ்டல் முகவரி. சிலருக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. “எங்கம்மா போகணும்?” என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

ஓசூர் சிப்காட், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இந்தச் சாலையில் தனியாகப் பயணிக்கும் பெண்களும் பெருகியிருக்கிறார்கள். சிலர் ஓசூரோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகாவுக்குள் தினமும் போய்த் திரும்புகிறார்கள்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு போன்ற நாடுகளைப் பற்றி அமெரிக்க வெளியுறவுத்துறை தன் மக்களுக்குச் சொல்வது ஒரே வரிதான்: ‘அங்கே போகாதீர்கள்.’ சுற்றுலாப் பயணி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். தம்பி படிப்புக்கும் அம்மா மருந்துக்கும் பணம் அனுப்ப வேண்டிய பெண்ணுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. போவது என்று முடிவான பிறகு, எப்படிப் பத்திரமாகப் போய்ச் சேர்வது என்பதுதான் அவருக்கு உதவும்.

கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

முடிந்தால் விடிந்த பிறகு போய்ச் சேரும் பஸ்ஸில் ஏறுங்கள். இரவு 10 மணிக்குக் கிளம்பி விடியற்காலை 3 மணிக்கு இறங்குவதைவிட, சில மணி நேரம் தாமதமாகக் கிளம்பி வெளிச்சத்தில் இறங்குவது நல்லது.

ஹாஸ்டல் முகவரியை போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். வீட்டு நம்பர், ஹாஸ்டல் வார்டன் நம்பர், கம்பெனி ஹெச்.ஆர். நம்பர் மூன்றும் அதே தாளில் இருக்கட்டும். போன் சார்ஜ் தீர்ந்தாலோ, தொலைந்தாலோ அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

பர்ஸில் இல்லாமல் வேறு இடத்தில் 200 ரூபாய் சில்லறையாக இருக்கட்டும். எல்லைப் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகாவில் 2023 ஜூன் 11 முதல் ‘சக்தி’ திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது கர்நாடக முகவரிச் சான்று வைத்திருக்கும் பெண்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் அங்கே டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். இலவசம் என்று நம்பி, காசில்லாமல் அத்திப்பள்ளியில் இறங்கி நிற்க வேண்டாம்.

பஸ்ஸில் ஏறியதும்

முதல் கேள்வியைக் கண்டக்டரிடம் கேளுங்கள்: “பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸ்ல இறக்குவீங்களா?” நான்கு வழிச்சாலையில் ஓடும் தொலைதூர பஸ்கள் சில, இரவில் ஊருக்குள் வராமல் மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆள் நடமாட்டமோ வெளிச்சமோ இல்லாத இடத்தில் இறங்க நேர்வது இப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குள் போகாது என்றால், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் தவறில்லை.

பெங்களூரு பக்கமும் இதே சிக்கல் உண்டு. சில்க் போர்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே நீண்ட மேம்பாலம் இருக்கிறது. மேலே போகும் பஸ், கீழே இருக்கும் நிறுத்தங்களில் நிற்காது. “மேல போகுமா, கீழ போகுமா?” என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மெட்ரோ மஞ்சள் பாதை திறக்கப்பட்டதால் இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. கேமராவும் காவலர்களும் இருக்கும் பயணம் அது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குள் தொல்லை என்றால் சகித்துக்கொண்டு இடம் மாறி உட்கார வேண்டிய அவசியம் இல்லை. 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பெண்களை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசில் அடிப்பது, ஆபாசமாகப் பாடுவது எல்லாமே அதில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. அப்படி நடந்துகொள்ளும் பயணியை இறக்கிவிடுவதோ, வழியில் இருக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதோ கண்டக்டரின் கடமை. “அண்ணா, இந்த ஆளு தொந்தரவு பண்றாரு. இறக்கிவிடுங்க, இல்ல ஸ்டேஷனுக்கு விடுங்க” என்று சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்பது அவர் செய்யும் உபகாரம் இல்லை, அவருடைய வேலை.

ரயிலில் போனால்

2025 பிப்ரவரி 6. கோவை - திருப்பதி இன்டர்சிட்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர் பயணித்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கிவிட, அங்கே ஓர் ஆண் அந்தப் பெட்டியில் ஏறினான். பாலியல் தொல்லை கொடுத்தான். அவர் எதிர்த்தபோது ஓடும் ரயிலிலிருந்து வெளியே தள்ளினான். அந்தப் பெண் படுகாயங்களோடு உயிர் பிழைத்தார். வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

நடந்ததில் அந்தப் பெண்ணின் தவறு எதுவும் இல்லை. பெண்கள் பெட்டியில்தான் அவர் இருந்தார். நமக்குத் தெரியவேண்டியது இதுதான்: ‘மகளிர் மட்டும்’ என்ற போர்டு மட்டும் பாதுகாப்பு தராது, கூட இருக்கும் ஆட்கள்தான் பாதுகாப்பு. பெண்கள் பெட்டி காலியாகிவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, குடும்பங்கள் இருக்கும் பொதுப் பெட்டிக்கு மாறிவிடுங்கள்.

ரயிலில் எந்த உதவிக்கும் 139. முன்பு பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182, 2021-ல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. தனியாகப் பயணிக்கும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் ‘மேரி சஹேலி’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஏறும் ஸ்டேஷனில் பெண் காவலர்கள் சீட் நம்பரைக் குறித்துக்கொண்டு, வழியில் விசாரிப்பார்கள். அவர்களைப் பார்த்தால் நீங்களாகவே போய்ச் சொல்லலாம்.

இன்னொன்று. அவசரத்தில் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டாலும், துணைக்கு ஆண் இல்லாமல் வரும் பெண்ணை ராத்திரியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன் அல்லது மாவட்டத் தலைநகரத்தில், அதுவும் பகலில்தான் இறக்க முடியும் என்கிறது 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு. அபராதம் கட்டுவது தனிக்கதை. நடுராத்திரியில் இறங்கச் சொன்னால் மறுக்கலாம்.

ஷேர் காரும் ஆட்டோவும்

பஸ் வரவில்லை, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றால் ரோட்டோரம் நின்று பெங்களூரு போகும் காரில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தான் வேண்டும் என்றால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி. பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் எலெக்ட்ரிக் வாடகை வண்டி. வெள்ளை பிளேட் கார், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற அனுமதி இல்லாதது. அந்த டிரைவர் யார் என்ற விவரம் எந்த நிறுவனத்திடமும் இருக்காது.

ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். டிரைவர் பார்க்கும்படியே எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆப்பில் புக் செய்த கேப் என்றால், ‘ஷேர் டிரிப்’ வசதியில் வண்டி போகும் பாதையை இன்னொருவர் பார்த்துக்கொண்டே வர முடியும். வண்டியில் ஏறியதும் போனில், “இதோ ஏறிட்டேன், நம்பர் அனுப்பியிருக்கேன், அரை மணி நேரத்துல வந்துடுவேன்” என்று சத்தமாகப் பேசுங்கள். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டாலும் பேசுங்கள்.

எல்லை தாண்டுகிறவர்கள் இரண்டு கன்னட வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தச் சொல்ல ‘நில்லிசி’. உதவி கேட்க ‘சஹாய மாடி’.

எல்லையில் நடந்தால் எந்த ஸ்டேஷன்?

ஓசூரில் பஸ் ஏறுகிறீர்கள். ஜூஜூவாடி தாண்டும்போது ஒருவன் அத்துமீறுகிறான். அத்திப்பள்ளியில் இறங்கி ஓடிவிடுகிறான். நீங்கள் இறங்குவது எலெக்ட்ரானிக் சிட்டியில். புகாரை எங்கே கொடுப்பது? “இது எங்க லிமிட் இல்லம்மா, அந்தப் பக்கம் போய்க் கொடுங்க” என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறதே என்று விட்டுவிடும் பெண்கள் எத்தனையோ பேர்.

இனி விட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கைது செய்யத்தக்க குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதற்குப் பெயர்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’. முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது போலீஸின் வேலை. அலைய வேண்டியது நீங்கள் இல்லை. 2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா கமிட்டி வலியுறுத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று.

அதே பிரிவில் இன்னும் சில உரிமைகளும் இருக்கின்றன. பாலியல் குற்றம் குறித்த புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை ஆன்லைன் வழியாகவும் அனுப்பலாம், மூன்று நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் போதும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பாலியல் வன்முறை உள்ளிட்ட குறிப்பிட்ட குற்றங்களில் புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்க, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு வழிசெய்கிறது.

‘ஓடும் பஸ்ஸில் நடந்தது, சரியாக எந்த இடம் என்றே தெரியவில்லையே’ என்ற தயக்கமும் வேண்டாம். பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்துபோன எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று அதே சட்டத்தொகுப்பின் 203-வது பிரிவு சொல்கிறது. ஆக, நீங்கள் ஸ்டேஷனில் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: “ஜீரோ எஃப்.ஐ.ஆர் போடுங்க சார், 173-வது பிரிவுல இருக்கு.”

112-ஐ அழைக்கும்போதும் எல்லையில் ஒரு கவனம் தேவை. ஓசூரில் நிற்கும்போதே சில நேரம் போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உங்கள் அழைப்பு பெங்களூரு பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். அதனால் பெயரைச் சொல்வதற்கு முன்பே, “தமிழ்நாடு, ஓசூர், இந்த இடம்” என்று மாநிலத்தையும் இடத்தையும் முதலில் சொல்லுங்கள். இடம் தெரியாவிட்டால் அருகில் இருக்கும் கடை போர்டையோ, சாலையோரக் கிலோமீட்டர் கல்லையோ படித்துச் சொல்லுங்கள்.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு மஃப்டியில் ஒருவர் இரவில் வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. தவிர்க்கவே முடியாத சூழ்நிலை என்றாலும், பெண் அதிகாரி இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். “112-க்கு போன் பண்ணிக் கேட்டுட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். நிஜமான போலீஸ் என்றால் அதைத் தடுக்க மாட்டார்.

ஹாஸ்டல் வாசலோடு பயணம் முடிவதில்லை

2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. விஷயம் தெரிந்ததும் அங்கே தங்கியிருந்த பெண்கள் பெருங்கூட்டமாக வெளியே வந்து இரவில் போராடினார்கள். கைதானவர்களில் அங்கேயே தங்கியிருந்த ஒரு பெண்ணும் இருந்தார். ‘இங்கே எல்லோரும் பெண்கள்தானே’ என்ற எண்ணம் எப்போதும் போதுமானது இல்லை.

புதிய அறைக்குப் போனதும் குளியலறையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தேவையில்லாத இடத்தில் பிளக், சுவரில் புது ஓட்டை, கதவுக்கு எதிரே மாட்டிய ஏதோ ஒரு பொருள், புதிதாக வந்த சார்ஜர் எல்லாவற்றையும் கவனியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சை மெதுவாகச் சுற்றிலும் காட்டினால், லென்ஸ் இருக்கும் இடம் மின்னும். எதையாவது கண்டால் கையால் தொடாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு, அறையைப் பூட்டி, போலீஸுக்குச் சொல்லுங்கள். அந்தக் கருவிதான் சாட்சி. பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். படம் ஏதாவது இணையத்தில் வந்துவிட்டால் 1930-க்கு அழையுங்கள்.

தனியார் ஹாஸ்டல் என்றால், சேரும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: “லைசென்ஸ் நம்பர் என்ன?” பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ம் வருட தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. கேட்டதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். தமிழக அரசு பல மாவட்டங்களில் நடத்தும் ‘தோழி’ விடுதிகளையும் ஆன்லைனில் பார்த்துவைக்கலாம்.

கம்பெனியின் பொறுப்பு

இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு சேர்வது உங்கள் பாடு மட்டும் இல்லை. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்றிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. அப்போதே பல நிபந்தனைகளையும் விதித்தது. வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வாகன வசதி, நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பெண் காவலர்கள் எல்லாம் அதில் அடங்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும்தான் இரவு வேலை தரலாம் என்கிறது.

எனவே வேலையில் சேரும்போதே கேளுங்கள்: கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா? கடைசியாக இறங்குவது யார்? பஸ் பழுதானால் யாருக்கு போன் செய்வது? ஒரே ஆளாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அதே வழியில் வரும் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இத்தனையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது அம்மா, அப்பா, அண்ணன், கணவர் கையில் இருக்கிறது.

பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுத்தான் என்று மகள் போனில் சொன்னால், பல வீடுகளில் முதலில் வரும் பதில் “வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கிளம்பி வா” என்பதுதான். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்ட பெண், அடுத்த முறை எது நடந்தாலும் வீட்டில் சொல்ல மாட்டாள். சொன்னால் வேலை போய்விடும், சம்பளம் போய்விடும், முதன்முதலாகச் சொந்தக் காலில் நின்றதும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குச் சொல்லாதவள் போலீஸுக்கும் சொல்ல மாட்டாள். தப்பு செய்தவனுக்கு இது ரொம்ப வசதி.

அதனால் மகளைப் பஸ் ஏற்றிவிடும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்: “எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு. அதுக்காக உன்னை வேலைய விட்டு வரச் சொல்ல மாட்டோம். நாங்க வந்து உன்கூட ஸ்டேஷனுக்கு வர்றோம்.”

போனில் இன்றே சேமிக்க வேண்டியவை

112 - எந்த அவசரத்துக்கும், எந்த மாநிலத்திலும்
181 - பெண்கள் உதவி எண்
1091 - பெண்களுக்கான காவல்துறை உதவி எண்
139 - ரயில் பயணத்தில்
1930 - இணையக் குற்றங்களுக்கு

தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்கு அழைப்பு போகிறதா என்று பார்த்துவையுங்கள். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் என்பது போனுக்குப் போன் மாறும். செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி’ பகுதியைத் திறந்து, இன்று இரவே உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். வீட்டில் அம்மாவின் போனிலும், பாட்டியின் போனிலும்கூட.